இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு கோடு

ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? உங்கள் இருமல் நின்றுவிட்டதா? இங்கே அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தம்பி மேசை விளிம்பில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டான். எப்படியும் விழ வேண்டிய பல்தான் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஊரைக் கூட்டி அழுதான். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு நாற்பது பிரேம் போட்டுப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போவதுதான் காரணம் என்கிறார். மாடி வீட்டுக்காரர் கால் கட்டைப் பிரித்துவிட்டார். பூனை நலம்.

ஒரு முக்கியமான விஷயம். எங்கள் புதிய கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரு தாடிக்காரரின் படம் இருக்கிறது. ‘நம் காலத்துக் கணித மேதை’ என்று தலைப்பு. கணக்குப் புத்தகத்தில் நான் இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள். உயிரோடு ஒருவரைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் எல்லோரையும் ‘ஒரு நவீன கணித அறிஞரின் வாழ்வும் சாதனைகளும்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார். யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கினோம். எனக்குத் தாடிக்காரர் வந்தார். நன்றாக எழுதினால் பள்ளி மலரில் பெயரோடு போடுவார்களாம்.

அவர் தரையில் டைல்ஸ் பதிப்பது பற்றி ஏதோ பெரிய தேற்றம் கண்டுபிடித்திருக்கிறார். தேற்றத்துக்கே அவர் பெயர்தான். நீங்களும் ‘டைல்ஸ் ஒட்டுற கணக்கு’தானே செய்கிறீர்கள்? அம்மா அப்படித்தான் சொல்வார். உங்களுக்கு அவரைத் தெரியுமா? நல்ல மனிதரா? புத்தகத்தில் தேற்றத்தின் படம் மசமசவென்று அச்சாகியிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்னொன்று. நீங்கள் ஏன் போனே பண்ணுவதில்லை? எங்கள் போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
எலிக்குட்டி


ஜூலை 2

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

நலம். இருமல் போய்விட்டது. அண்ணியின் தலைவலிக்குக் கண்ணைச் சோதித்துப் பார்த்தீர்களா? தம்பியின் பல் முளைக்கத் தொடங்கியதும் எழுது. மாடி வீட்டுக்காரர் இனியாவது ஏணியில் ஏறாமல் இருக்கட்டும். பூனைக்கு என் அன்பு.

அவரைத் தெரியும். என்னுடன் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். பிறந்த ஆண்டு, படித்த இடம், வாங்கிய பட்டங்கள் எல்லாம் உன் புத்தகத்திலேயே இருக்கும். நல்ல மனிதரா என்று கேட்டாய். சாக்பீஸ் கடன் வாங்கினால் திருப்பித் தருவார்.

தேற்றத்தைச் சொல்கிறேன். அதுதான் உனக்கு முக்கியம். ஒரே வடிவத்தில் நிறைய அட்டைகள் வெட்டிக்கொள். ஒன்றை நடுவில் வை. அதைச் சுற்றி, இடைவெளியே இல்லாமல், அதே அட்டைகளால் ஒரு வளையம் கட்டு. அந்த வளையத்தைச் சுற்றி இன்னொன்று. சதுரமாக இருந்தால் உலகம் முடியும்வரை கட்டிக்கொண்டே போகலாம். சில வடிவங்கள் முதல் வளையத்திலேயே மக்கர் பண்ணும். ஆனால் இன்னும் சில இருக்கின்றன: ஒரு வளையம் ஒழுங்காக வரும், இரண்டு வரும், மூன்றும் வரும். ‘இனிக் கவலையில்லை’ என்று நீ நிமிர்ந்து உட்காரும்போது நின்றுவிடும். அதற்குமேல் ஓர் அட்டைகூட வைக்க முடியாது. எந்த வடிவம் எப்போது நின்றுபோகும் என்று வெட்டிப் பார்க்காமலே சொல்ல முடியுமா? ஒரு பெரிய குடும்பத்து வடிவங்களுக்கு முடியும் என்பதுதான் தேற்றம்.

படத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. கெட்டி அட்டையில் வெட்டி, தரையில் உட்கார்ந்து செய்து பார். இந்தக் கணக்கு அப்படித்தான் புரியும்.

அன்புடன்
அத்தை


ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நலமா என்று விரிவாகக் கேட்கப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

அப்பாவின் கடையிலிருந்து பெரிய லென்ஸ் ஒன்று கொண்டுவந்து அந்த மசமசப் படத்தைப் பார்த்தேன். ஆறு பக்கம். ஒரு பக்கத்தில் மூக்கு மாதிரி ஒரு புடைப்பு. இரண்டு பக்கங்களில் அந்த மூக்கு போய் உட்கார்கிற மாதிரிப் பள்ளம். மற்ற மூன்றும் நேர்கோடு. அத்தை, அது மூக்கன்!

உங்களுக்கு நினைவிருக்கிறதா? என் பழைய தகர டப்பா நிறைய மூக்கன் அட்டைகள். நான் பேசப் பழகுவதற்கு முன்பிருந்தே அதை வைத்துத்தான் விளையாடினேன். தம்பியும் விளையாடினான், பாதியைத் தின்றான். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

“அம்மா, இதை யாரு வெட்டினது?”

“உங்க அத்தைதான். நீ பொறந்ததும் நான் படுத்த படுக்கையா கிடந்தேனே, அப்ப வந்து ஒரு வருஷத்துக்கு மேல இருந்தா. ஒரு கையில உன்னை வச்சுக்குவா, இன்னொரு கையில கத்தரிக்கோல். வீட்ல ஒரு செருப்பு டப்பாவை விடலையே!”

“அப்ப இந்தப் புத்தகத்துல இருக்கறது?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு லென்ஸை வாங்கிப் பார்த்தார். “அட, அதே மூக்கு” என்றார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

புத்தகத்தில் போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்தேன். நான் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு. ‘தனியொருவராக உழைத்துக் கண்டறிந்தார்’ என்று எழுதியிருக்கிறது. தனியொருவராக! என் டப்பாவில் இருக்கும் அட்டைகளில் இன்னும் செருப்புக் கம்பெனி முத்திரை இருக்கிறது. அவரா எங்கள் வீட்டில் உட்கார்ந்து வெட்டினார்?

மூக்கனைக் கண்டுபிடித்தது யார்? உடனே எழுதுங்கள்.

எலிக்குட்டி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

நான் டப்பாவைப் பள்ளிக்கு எடுத்துப்போய் டீச்சரிடம் காட்டினேன். அவர் ஒரு மூக்கனை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “அதுக்கு நான் என்ன பண்றது? புத்தகத்துல ஒருத்தர் பேர் அச்சாகியிருக்கு. உங்க அத்தை அட்டை வெட்டினாங்கன்னு எழுதினா மார்க் போட முடியுமா?” என்றார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “எங்க சித்தி வட்டமா வடை சுடுவாங்க டீச்சர், வட்டத்தைக் கண்டுபிடிச்சதே அவங்கதான்” என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தால் ‘அத்தை தேற்றம்’ என்கிறார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் அந்தப் பெண் மேல். அப்புறம் டீச்சர் மேல். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உங்கள் மேல். நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் அங்கே வாயடைத்து நிற்க வேண்டியிருக்காது.

ஆமா, இல்லை. இரண்டில் ஒன்று சொல்லுங்கள். போதும்.

எலிக்குட்டி


செப்டம்பர் 9

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

அண்ணியின் கண் சோதனை முடிந்ததா? தம்பியின் பல் எப்படி இருக்கிறது? மாடி வீட்டுக்காரர் நடக்கிறாரா? பூனை உன்னைவிடக் கோபமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆமா.

வடிவம் என்னுடையது. அது எங்கே நின்றுபோகும் என்று எண்ணும் வழி என்னுடையது. உங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில், நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. எழுந்து போய்க் காகிதம் எடுத்தால் நீ விழித்துக்கொள்வாய் என்று முழுவதையும் மனதிலேயே வைத்திருந்தேன். மற்ற வடிவங்களுக்கெல்லாம் அது பொருந்துமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்தவர் அவர். அதுவும் சாதாரண வேலை இல்லை. கடிதங்களிலேயே பேசி முடித்தோம். பாதி அவர், பாதி நான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து செய்த வேலையில் யார் பெரியவர், யார் அதிகம் செய்தார் என்று பார்க்க மாட்டார்கள். பெயர்களை அகர வரிசையில் போடுவார்கள். அப்படிப் போட்டிருந்தால் என் பெயர்தான் முதலில் வந்திருக்கும்.

ஏன் வரவில்லை என்று மட்டும் என்னிடம் கேட்காதே. கட்டுரையைப் புத்தகத்தில் உள்ளபடி எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்.

அன்புடன்
அத்தை


செப்டம்பர் 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடம் கேட்கக் கூடாது என்றீர்கள். அதனால் அப்பாவிடம் கேட்டேன்.

இரவுச் சாப்பாட்டு நேரம். புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, “அப்பா, இவரைத் தெரியுமா?” என்றேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இவனா? தாடி வச்சுட்டானா? நம்ம பாப்பாவோட, அதான் உன் அத்தையோட, படிச்சவன்தானே. ஒருதடவை போன் பண்ணினான்.”

“எப்போ?”

“நீ கைக்குழந்தை. என்னமோ கட்டுரை அச்சுக்கு அனுப்பறானாம், பாப்பா பேரையும் சேர்த்துப் போடணும், சம்மதமான்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. “நீங்க வேண்டாம்னீங்களா?”

“பின்னே? அப்பதான் அந்த எஞ்சினியர் மாப்பிள்ளை வீட்ல வந்து பார்த்துட்டுப் போயிருந்தாங்க. இவன் சொல்றான், ரெண்டு பேர் பேரும் சேர்ந்துதான் வருமாம். தேற்றத்துக்கே அதான் பேராம். இவ பேரு, நடுவுல ஒரு கோடு, அப்புறம் அவன் பேரு. உலகம் பூரா அப்படியே நிலைச்சு நிக்குமாம். நல்லா இருக்கே கதை! கல்யாணமாகாத பொண்ணு பேரையும் எவனோ ஒருத்தன் பேரையும் கோடு போட்டுச் சேர்த்து அச்சடிச்சா பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கல்யாணப் பத்திரிகைன்னு நினைப்பான். அவ கணக்கையெல்லாம் விட்டுட்டா, பேரெல்லாம் போடாதீங்கன்னு சொல்லி வச்சுட்டேன்.”

“அத்தை எங்கே இருந்தாங்க அப்போ?”

“உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா.”

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் தம்பி துள்ளிவிட்டான். “என்னைக் கூட்டிட்டுப் போன நேரத்துலயா? எனக்காக நாள் பூரா அங்க காத்துக்கிட்டு நின்னாளே, அந்த நேரத்துலயா? அந்த எஞ்சினியர் வீடு அப்புறம் திரும்பியே பார்க்கலையே! அவ ஏன் சொல்லாமக் கொள்ளாமப் போனான்னு இத்தனை வருஷமா நான் என்னைத்தானே நொந்துக்கிட்டு இருக்கேன்!”

“நல்லதுக்குத்தானே பண்ணேன்” என்று அப்பா அடுத்த கவளத்தைப் பிசைந்தார். பிசைந்தார் அத்தை! பசி போகவில்லை அவருக்கு!

நான் எழுந்து என் அறைக்குப் போய் உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். அம்மாவை விசாரித்திருக்கிறீர்கள். தம்பியை, பூனையை, மாடி வீட்டுக்காரரை, ஒரு தடவை எங்கள் வீட்டு ஒழுகும் குழாயைக்கூட விசாரித்திருக்கிறீர்கள். அப்பாவை ஒரு கடிதத்தில்கூட விசாரித்ததில்லை. நான்தான் கவனிக்கவில்லை. புத்தகப் புழு என்று எனக்குப் பெயர் வேறு.

அப்பாவோடு நான் பேசுவதில்லை. தாடிக்காரருக்கும் அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் எழுதினேன்.

எலிக்குட்டி


அக்டோபர் 18

அன்புள்ள மாணவிக்கு,

வணக்கம். நலம்தானே? உன் கடிதம் அலுவலகத்தில் தேங்கிக் கிடந்து இப்போதுதான் என் கைக்கு வந்தது. அதில் மூன்று இடங்களில் என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறாய். வயதை எண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் துறையில் ஒருவர் பெயரை அவர் சம்மதமின்றிப் போடுவதில்லை. அதனால்தான் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் அத்தைக்குத் திருமணம் நிச்சயமாகப் போகிறது, கணிதத்தை விட்டுவிட்டார், பெயர் வேண்டாம் என்று அவர் அண்ணன் சொன்னார். அதுவே அவர் விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். ஆயினும் கட்டுரையின் முடிவில் ‘பயனுள்ள உரையாடல்களுக்காக ஒரு நண்பருக்கு நன்றி’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

பிறகு அவர் துறைக்குத் திரும்பி வந்தார். கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறேன். இந்தப் பேச்சை எடுக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரும் எடுக்கவில்லை.

என் நூலின் திருத்திய பதிப்பு டிசம்பர் நடுவில் அச்சுக்குப் போகிறது. உங்கள் பாடப்புத்தகம் அந்த நூலைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. அவர் உரிமை கோரி ஒரு வரி எழுதி அனுப்பினால் இரு பெயர்களையும் சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை.

உன் பெற்றோருக்கு என் வணக்கம். நன்றாகப் படி.

இங்ஙனம்
பேராசிரியர்


அக்டோபர் 25

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது, தலைவலி இல்லை. தம்பியின் பல் பாதி வந்துவிட்டது.

தாடிக்காரரின் கடிதத்தை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எதையாவது உடையுங்கள். நான் ஒரு பென்சிலை உடைத்தேன். பதினான்கு வருஷமாக அவருக்குச் சங்கடமாக இருந்ததாம்! நீங்கள் எதிரிலேயே வந்து நின்றிருக்கிறீர்கள், “அன்னிக்கு உங்க அண்ணன் சொன்னது நிஜமா?” என்று கேட்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு டீ ஆறுவதற்குள் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. எனக்குப் பதினைந்து வயதுதான், ஆனாலும் இது புரிகிறது.

இருந்தாலும் டிசம்பர் நடு வரைக்கும் நேரம் இருக்கிறது. ஒரே ஒரு வரி, அத்தை. எழுதிப் போட்டுவிடுங்கள். உங்கள் பெயர் வந்துவிடும். நான் கட்டுரையை அதற்காகவே கொடுக்காமல் வைத்திருக்கிறேன். டீச்சர் சைபர் போட்டுவிட்டார். போடட்டும்.

எலிக்குட்டி


நவம்பர் 16

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

அண்ணிக்குத் தலைவலி போனது பெரிய நிம்மதி. தம்பி அந்தப் பல்லையாவது காப்பாற்றிக்கொள்ளட்டும்.

நான் எழுத மாட்டேன்.

என் பெயரை எடுப்பதற்கு என் கையெழுத்து தேவைப்படவில்லை. என் குரல்கூடத் தேவைப்படவில்லை. போடுவதற்கு மட்டும் நான் விண்ணப்பம் எழுத வேண்டுமா? ‘உரிமை கோரி’ என்கிறார். என் வீட்டுக்குள் நான் நுழைய நானே மனுக் கொடுக்க வேண்டுமாம். சம்மதம் இல்லாமல் பெயரைப் போடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தவருக்கு, சம்மதம் இல்லாமல் எடுக்கவும் கூடாது என்று தோன்றவில்லை.

நீ இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், அதனால் சொல்கிறேன். அந்த ஆய்விதழ் தபாலில் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. உன் அப்பா அதைச் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார். “ஒரு பெரிய தலைவலியிலேர்ந்து உன்னைக் காப்பாத்திட்டேன் பாப்பா” என்றார். எனக்கு உதவி செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் அப்படியே இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். சிரிக்கிற மனிதரிடம் என்ன பேசுவது? அன்று மாலையே கிளம்பினேன். நீ வாசல்வரை தவழ்ந்து வந்து, கையில் ஒரு மூக்கனை வைத்துக்கொண்டு அழுதாய். அதையும் பிடுங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் டப்பா உன்னிடம் இருக்கிறது.

அண்ணி தன்னை நொந்துகொண்டிருந்தார் என்று எழுதியிருந்தாய். அது தெரிந்திருந்தால் அவருக்கு மட்டும் எப்போதோ சொல்லியிருப்பேன். அது என் தப்பு. மற்றது எதுவும் என்னுடையது இல்லை.

எடுத்தவர்கள் இரண்டு பேர். என்னிடம் கேட்காமல் எடுத்தார்கள். என்னிடம் கேட்காமலே திருப்பி வைக்கட்டும். இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு.

அத்தை


டிசம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? படித்துக் காட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சத்தமாக, ஒரு வரி விடாமல். தம்பிகூட மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, “சிரிச்சேனா நான்?” என்றார். “நல்லதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தார். அம்மா எழுந்து போய், போனை அதன் நீள வயரோடு இழுத்துக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் வைத்தார்.

“இதுலதானே எடுத்தீங்க? இதுலயே போடுங்க.”

“ஞாயித்துக்கிழமை, அவர் வீட்ல...”

“அவர் மட்டும் நாள் பார்த்தா பண்ணினாரு?”

பேராசிரியரின் கடிதத் தாளில் வீட்டுப் போன் எண்ணும் இருந்தது. நான் எண்ணைப் படித்தேன், அப்பா சுழற்றினார். எங்களுக்கு அப்பா பேசியது மட்டும்தான் கேட்டது.

“ஹலோ. நான் அவளோட அண்ணன். ஆமா, அதே அண்ணன்தான்... சார், அன்னிக்கு நான் சொன்னது அவ சொன்னது இல்ல. அவளுக்கு நீங்க போன் பண்ணினதே தெரியாது. நானாச் சொன்னேன். அவ பேரைப் போடுங்க.”

அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. ரத்த அழுத்தம் ஏறுகிறதோ என்று எனக்குப் பயம். கோபமாக இருக்கும்போது பயமும் வருவது எரிச்சலாக இருந்தது.

“எழுதித் தரணுமா? அவளா? ஏன் சார், எடுக்கும்போது எழுதி வாங்கினீங்களா? முன்னப்பின்ன தெரியாத எவனோ ஒருத்தன் போன்ல சொன்னதும் போதும்னு எடுத்தீங்கல்ல? இப்பவும் அதே ஆள்தான் அதே போன்ல சொல்றேன். போடுங்க. அகர வரிசையாம், அவ பேருதான் முன்னால வரணுமாம். நடுவுல அந்தக் கோட்டையும் போடுங்க!”

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “என்ன வேடிக்கை? சாப்பாடு ஆறுது.”

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை. செய்ததைத் திருப்பிச் செய்வதற்குக் கைதட்டலா? நான் இன்னும் அவரோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் தம்பி மூலமாகக் கேட்கிறேன்.

எலிக்குட்டி


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? ஜனவரியில் உங்கள் தபால் அட்டை வந்தது. அம்மாவையும் தம்பியையும் பூனையையும் விசாரித்திருந்தீர்கள்.

பள்ளி நூலகத்துக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டதா என்று தினமும் கேட்டு நூலகரை நச்சரித்தேன். நேற்று வந்தது. நான்தான் முதலில் பிரித்தேன். உங்களுக்கும் வந்ததா? சந்தோஷமா? பக்கத்தை டீச்சரிடம் காட்டினேன். உள்ளே தாடிக்காரரின் முன்னுரை வேறு இருக்கிறது, ‘ஒரு தகவல் தொடர்புப் பிழை’ என்று. பிழையாம்! டீச்சர் என் கட்டுரையை மலருக்குக் கேட்டார். “ஒரு சொல்கூட வெட்டாமப் போடறதா இருந்தாத்தான் தருவேன்” என்றேன். “ரொம்பத் திமிர்” என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார். தாடிக்காரர் அதில் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்தால் இப்போதெல்லாம் அப்பாதான் முதலில் எடுக்கிறார். முதல் பத்தியை மட்டும் படிக்கிறார். விரலை ஒவ்வொரு பெயராக வைத்துக்கொண்டு வருகிறார். பத்தி முடிந்ததும் மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

எலிக்குட்டி


மார்ச் 11

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

அண்ணிக்குப் புதுக் கண்ணாடி பழகிவிட்டதா? தம்பியின் பல் நேராக முளைக்கிறதா? மாடி வீட்டுக்காரர் மறுபடி ஏணியில் ஏறியதாக எழுதினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன், அவர் திருந்த மாட்டார். பூனைக்கு அன்பு. உன் டீச்சருக்கும் என் வணக்கம்.

புத்தகம் வந்தது. என் பெயர், ஒரு கோடு, அவர் பெயர். எங்கள் நூலகரிடம் நீட்டினேன். கல்யாணப் பத்திரிகை என்று அவர் நினைக்கவில்லை. முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிட்டார்.

சந்தோஷமா என்று கேட்டாய். பதினான்கு ஆண்டுகள் என் தேற்றத்தை இன்னொருவர் பெயரில் நானே கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினேன். இரண்டு இடங்களில் வேலைக்குப் போனபோது, “இந்தத் துறையில் நீங்கள் பெரிதாக எதுவும் செய்ததில்லையே?” என்றார்கள். அவர்கள் யாரும் இப்போது திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பெயர் வந்துவிட்டது. கோபம் அதனால் போய்விடும் என்று நானும் நினைத்தேன். போகவில்லை.

நீ இன்னும் மூக்கனை எப்படி எண்ணுவது என்று கேட்கவே இல்லை. சண்டையில் கணக்கை மறந்துவிட்டாய். கேள். ஒரு மூக்கனுக்கு மூக்கு ஒன்று, பள்ளம் இரண்டு. இடைவெளி கூடாது என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு மூக்கு உட்கார வேண்டும். ஆனால் எத்தனை அட்டை வைத்தாலும் அத்தனை பள்ளம் மிஞ்சும். மிஞ்சியதை என்ன செய்வது? வெளி விளிம்புக்குத் தள்ளலாம். வெளியே பார்த்தபடி இருந்தால் யாரும் அதைக் குறை என்று சொல்ல முடியாது. முதல் வளையத்தில் தள்ளலாம். இரண்டாவதில் தள்ளலாம். மூன்றாவதில் விளிம்பு கிட்டத்தட்ட முழுக்கப் பள்ளமாகிவிடும், ஆனாலும் இடம் இருக்கும். மூன்று வளையத்துக்கு முப்பத்தேழு அட்டை, முப்பத்தேழு பள்ளம் மிச்சம். விளிம்பில் இருப்பது நாற்பத்திரண்டு பக்கம். நான்காவதில் அறுபத்தொரு பள்ளம் மிஞ்சும், விளிம்பில் ஐம்பத்து நான்கு பக்கம்தான். உள்ளே சேர்வது வேகமாகச் சேர்கிறது, விளிம்பு மெதுவாகத்தான் வளர்கிறது. இனித் தள்ள இடமில்லை. அங்கே நின்றுவிடும். தரையில் பரப்பி நீயே எண்ணிப் பார். இவ்வளவுதான் தேற்றத்தின் உயிர். இதைத்தான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன்.

முதல் பத்தியில் ஒருவர் தன்னைத் தேடுவதாக எழுதியிருந்தாய். தேடட்டும். அங்கே கிடைக்காது. நான் செய்த வேலை என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்காதவர், மேலே இருக்கும் கணக்கைத் தாண்டித்தான் இங்கே வர வேண்டும். நடுவில் விட்டுவிட்டு நேராகக் கடைசிக்குத் தாவினால் நீ பிடித்து, மூக்கனை எண்ணச் சொல். சரியாக எண்ணினால் மட்டும் இந்த வரியைக் காட்டு:

அண்ணா, மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள். என் கோபம் இன்னும் ஆறவில்லை.

பாப்பா